தொலைபேசிக் கம்பியில் பிராட்பேண்ட்: ஓடும் விதமும் பழுது பார்க்கும் வழியும்

லேண்ட்லைன் பிராட்பேண்ட் திணறினால் முதலில் மோடத்தை அணைத்துப் போடுகிறோம். அதில் தீராவிட்டால் புது மோடம் வாங்குகிறோம். இரண்டாலும் தீராத கோளாறுகள் ஏராளம். காரணம், இந்த இணைப்பின் வேகத்தையும் நிலைப்பையும் முடிவு செய்வது எக்ஸ்சேஞ்சிலிருந்து மோடம் வரை வரும் இரண்டு செப்புக் கம்பிகள். அவற்றின் கடைசி இருபது முப்பது மீட்டர் நம் வீட்டுக்குள் இருக்கிறது. அதை நாமே சரிசெய்துவிடலாம். வெளியே உள்ளதை லைன்மேன்தான் பார்க்க வேண்டும். ஆனால் பழுது வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதை அவர் வருமுன்பே நாம் கண்டுபிடித்து, எண்களோடு சொல்ல முடியும்.

கீழே உள்ளவை பிஎஸ்என்எல் செப்புக் கம்பி இணைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்ற பெயரில் வந்த சேவை அது. வினாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்று 2004ஆம் ஆண்டுக் கொள்கை வரையறுத்திருந்த காலம்; அந்தக் கீழெல்லை 2023இல்தான் 2 மெகாபிட்டுக்கு உயர்ந்தது. இலங்கையிலோ வேறு நாட்டிலோ இருப்பவர்களுக்கும் கம்பியின் குணம் இதேதான். மோடத்தில் கொடுக்கும் இரண்டொரு எண்கள் மட்டும் மாறும்.

ஒரே கம்பியில் பேச்சும் இணையமும்

தொலைபேசிப் பேச்சுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும். கம்பியோ அதைவிடப் பல நூறு மடங்கு உயர்ந்த அதிர்வெண்களையும் தாங்கும். தூரம் கூடக் கூட அவை தேயும், அவ்வளவுதான். தொலைபேசிக் கம்பியில் இணையம் அனுப்பும் முறையான ஏடிஎஸ்எல் அந்தக் காலி இடத்தைப் பயன்படுத்துகிறது. 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சு. கொஞ்சம் இடைவெளி விட்டு, சுமார் 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை நாம் அனுப்பும் தரவு. அதற்கு மேல் நமக்கு வரும் தரவு. பழைய ஏடிஎஸ்எல் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். 2003இல் வந்த ஏடிஎஸ்எல்2+ 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். பதிவேற்றத்துக்கு இவ்வளவு சிறிய துண்டு ஒதுக்கியதால்தான் அதன் வேகம் 1 மெகாபிட் அளவிலேயே நின்றுவிடுகிறது.

இந்த அகலத்தை 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சிறு சிறு தொனிகளாகப் பிரிக்கிறார்கள். ஏடிஎஸ்எல்லில் 256, ஏடிஎஸ்எல்2+இல் 512. ஒவ்வொரு தொனியும் வினாடிக்கு 4000 முறை மாறும்; ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் 15 பிட் சுமக்கும். எந்தத் தொனியில் எத்தனை பிட் ஏற்றலாம் என்பதை மோடமும் எக்ஸ்சேஞ்சும் இணையும் நேரத்தில் அளந்து முடிவு செய்கின்றன. மோடத்தைப் போட்டதும் டிஎஸ்எல் விளக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் மினுக்குவது இதற்காகத்தான். இரைச்சல் மிகுந்த தொனியை ஒதுக்கிவிடும். சுத்தமான தொனியில் நிறைய ஏற்றும்.

ஒரு தொனியில் ஒரு பிட் கூட்ட, சிக்னல் இரைச்சலைவிட 3 டெசிபல் அதிகமாக வேண்டும். ஏடிஎஸ்எல்2+இல் பதிவிறக்கத்துக்கு 479 தொனிகள். எல்லாவற்றிலும் ஒரு பிட் குறைந்தால் போவது வினாடிக்கு 1.9 மெகாபிட். கம்பியில் 3 டெசிபல் இரைச்சல் கூடினால் இழப்பு இவ்வளவு. ஒரு கெட்ட ஜாயிண்ட் அதைவிட அதிகம் தின்னும்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுச் சுவர் வரை

எக்ஸ்சேஞ்சில் டிஸ்லாம் என்ற கருவி இருக்கிறது. நூற்றுக்கணக்கான மோடம்களின் எதிர் முனைகள் அதில் அட்டைகளாக அடுக்கப்பட்டிருக்கும். உங்கள் எண்ணுக்கான ஜோடிக் கம்பி எம்டிஎஃப் என்னும் பெரிய சட்டகத்தில் ஜம்பர் வயரால் டிஸ்லாமோடு கோக்கப்படுகிறது. பேச்சையும் தரவையும் பிரிக்கும் வடிகட்டி அங்கேயும் உண்டு. அங்கிருந்து தடித்த நிலத்தடிக் கேபிள். தெருமுனைப் பில்லரில் அது சிறு கேபிள்களாகப் பிரியும். கம்பத்திலோ சுவரிலோ உள்ள டிபி என்னும் பிரிப்புப் பெட்டியில் முடியும். டிபியிலிருந்து டிராப் வயர் வீட்டுச் சுவரில் உள்ள ரோசெட் என்னும் இணைப்புப் பெட்டிக்கு வரும்.

கேபிளுக்குள் ஜெல்லி நிறைத்திருப்பதால் அதன் உடலில் தண்ணீர் எளிதில் ஏறாது. ஜாயிண்டுகளில் ஏறும். ஐப்பசி கார்த்திகை மழையில் லைன்கள் சாவது பெரும்பாலும் ஜாயிண்டிலும், மூடி போன டிபியிலும், முறுக்கிக் கட்டி டேப் சுற்றிய டிராப் வயரிலும்தான். செம்பில் களிம்பு பிடித்தபின் வெயில் அடித்தாலும் அந்த இணைப்பு முழுதாகத் தேறுவதில்லை.

தூரம் எவ்வளவு என்பது பெரிய கேள்வி. 0.5 மில்லிமீட்டர் கம்பியில் 300 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13.8 டெசிபல் தேயும், 0.4 மில்லிமீட்டர் கம்பியில் இன்னும் வேகமாக. நல்ல கம்பியில் ஏடிஎஸ்எல்2+ தோராயமாக 1 கிலோமீட்டரில் 20 மெகாபிட்டுக்கு மேல், 2 கிலோமீட்டரில் 14, 15, 3 கிலோமீட்டரில் 8, 4 கிலோமீட்டரில் 4, 5 கிலோமீட்டரில் 1, 2 மெகாபிட் தரும். கணக்கில் வருவது கேபிள் போகும் வழியின் நீளம். கூகுள் வரைபடத்தில் தெரியும் நேர்க்கோடு அல்ல. எக்ஸ்சேஞ்ச் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் கேபிள் ரயில் பாதையைச் சுற்றி வந்திருக்கலாம்.

ஏடிஎஸ்எல்லுக்கு அடுத்த தலைமுறையான வீடிஎஸ்எல்2 இதே கம்பியில் 17 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறும். 300 மீட்டருக்குள் 80, 100 மெகாபிட் கிடைக்கும்; ஒன்றரை கிலோமீட்டர் தாண்டினால் ஏடிஎஸ்எல்2+க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் வீடிஎஸ்எல் மோடம் வாங்கிப் பயன் உண்டா என்பதை மோடத்தின் விலைப்பட்டியல் சொல்லாது. எக்ஸ்சேஞ்சில் வீடிஎஸ்எல் அட்டை இருக்க வேண்டும், கம்பியும் குட்டையாக இருக்க வேண்டும்.

மோடம் காட்டும் எண்களைப் படிப்பது

எதையும் பிரிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கணினியை லேன் கேபிளால் மோடத்தோடு இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். உள்ளே நுழைந்ததும் ஸ்டேட்டஸ் அல்லது டிஎஸ்எல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம் இருக்கும். அதில் நான்கு விவரங்கள் முக்கியம்.

முதலாவது அட்டெனுவேஷன், அதாவது சிக்னல் தேய்மானம். இது பெரும்பாலும் தூரத்தைக் காட்டுகிறது. 30 டெசிபலுக்குக் கீழே மிக நன்று; 45 வரை பரவாயில்லை; 60ஐத் தாண்டினால் இணைப்பு நிலைப்பதே கடினம். இதை 13.8ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கம்பியின் நீளம் கிலோமீட்டரில் கிடைக்கும்: 41 டெசிபல் என்றால் சுமார் 3 கிலோமீட்டர். இது நாளுக்கு நாள் மாறக் கூடாத எண். திடீரென 8, 10 டெசிபல் ஏறியிருந்தால் எங்கோ ஒரு ஜாயிண்ட் கெட்டிருக்கிறது.

இரண்டாவது எஸ்என்ஆர் மார்ஜின். இப்போதைய வேகத்தைத் தாங்கத் தேவையான அளவுக்கு மேல் சிக்னலில் எவ்வளவு மிச்சம் என்பது இது. 6 டெசிபலுக்குக் கீழே போனால் அறுபடும். 10க்கு மேல் இருந்தால் நிம்மதி. இதை ஒரே ஒருமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் மத்திய அலை வானொலி சிக்னல்கள் வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் வருவதால் 1 முதல் 3 டெசிபல் குறைவது இயல்பு. பகலில் 7 காட்டும் லைன் இரவில் அறுபடுவதன் காரணம் பல வீடுகளில் இதுதான்.

வானொலிக்கும் இதற்கும் உள்ள உறவு நேரானது. மத்திய அலை ஒலிபரப்பு 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. அது முழுக்க ஏடிஎஸ்எல்2+ பதிவிறக்கப் பட்டைக்குள் விழுகிறது. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் 167ஆம் தொனியில் விழும், திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் 217ஆம் தொனியில், தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் 244ஆம் தொனியில். உங்கள் மோடம் தொனிவாரியாகப் பிட் வரைபடம் காட்டினால் அங்கே பள்ளம் தெரியலாம். ஒலிபரப்பியின் அருகே வீடு இருந்தால் அந்தப் பள்ளம் ஆழமாகும். முறுக்கிய ஜோடிக் கம்பி வானொலியைப் பெருமளவு ஒதுக்கிவிடும். முறுக்கு இல்லாத தட்டைக் கம்பி ஆன்டெனாவாக வேலை செய்யும். வீட்டு வயரிங்கில் நாம் கவலைப்பட வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

மூன்றாவது, இணைந்த வேகம். மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே ஒப்புக்கொண்ட எண் இது. வேகச் சோதனையில் வருவது இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஏடிஎஸ்எல் தரவை ஏடிஎம் என்னும் முறைப்படி 53 பைட் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. அதில் 48 பைட்தான் சரக்கு, மற்றது தலைப்பு. அதோடு, பயனர் பெயர் கொடுத்து இணையும் முறையான பிபிபிஓஇயின் தலைப்புகளும் சேரும். எல்லாம் கழித்தால் 85 சதவீதம் மிஞ்சும். இணைந்த வேகம் 8192 கிலோபிட் என்றால் சோதனையில் 7 மெகாபிட் வருவது சரியான அளவு. அதற்காகப் புகார் கொடுத்துப் பயன் இல்லை.

நான்காவது பிழை எண்ணிக்கை. எஃப்இசி என்பது தானே திருத்திக்கொண்ட பிழை; லட்சக்கணக்கில் இருந்தாலும் கவலை வேண்டாம். சிஆர்சி என்பது திருத்த முடியாமல் போன பிழை. மோடத்தை இயக்கி ஒரு மணி நேரத்தில் சிஆர்சி சில பத்துகளுக்குள் இருந்தால் நல்லது. நூறு நூறாக ஏறினால் கம்பியிலோ வீட்டு மின்கருவியிலோ இரைச்சல் இருக்கிறது.

பழுது வீட்டுக்குள்ளா வெளியிலா?

வீட்டுக்குள் பல இடங்களில் பேரலல் போன், அதாவது ஒரே லைனில் கூடுதல் போன், இழுத்திருந்தால் இந்தச் சோதனை கட்டாயம்.

1. டிராப் வயர் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியைத் திறங்கள். கம்பியில் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். கையில் பட்டால் பெரிதாகத் தெரியாது. மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவில் மாறுமின்சாரம் வரும், அது சுண்டி இழுக்கும். ஈரக் கையோடு தொடாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் பெட்டிப் பக்கமே போக வேண்டாம்.

2. உள் வீட்டுக்குப் போகும் எல்லா வயர்களையும் அந்தப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். டிராப் வயர் மட்டும் மிஞ்சட்டும்.

3. சாதாரண ஒயர் போன் ஒன்றை நேராக இணைத்து, டயல் டோன் வந்ததும் ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள். டோன் நிற்கும், சில வினாடி அமைதி இருக்கும். அந்த அமைதியில் கரகரப்போ பட்பட் என்ற ஒலியோ கேட்டால் பழுது வெளிக் கம்பியில். கார்ட்லெஸ் போனில் இதைச் செய்யாதீர்கள். அதன் சொந்த இரைச்சலே குழப்பும்.

4. மல்டிமீட்டர் இருந்தால், போன் வைத்த நிலையில் 48 முதல் 52 வோல்ட் வருகிறதா, போனை எடுத்ததும் 6 முதல் 12 வோல்ட்டுக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். வைத்த நிலையிலேயே 30, 35தான் என்றால் ஈரம் ஏறிக் கசிவு இருக்கிறது.

5. போனைக் கழற்றிவிட்டு, மோடத்தை ஸ்பிளிட்டர் (பேச்சையும் தரவையும் பிரிக்கும் வடிகட்டி) இல்லாமல் நேராக அங்கே இணைத்து எண்களைக் குறியுங்கள். மோடத்துக்கு ஸ்பிளிட்டர் தேவையில்லை. அது போனுக்காக வைப்பது.

முதல் பெட்டியில் எண்கள் நன்றாக இருந்து, வழக்கமான இடத்தில் மட்டும் மோசமாக இருந்தால் குற்றம் வீட்டு வயரிங்கில். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மோசம் என்றால் லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

வீட்டு வயரிங்கைச் சரிசெய்தல்

பேரலல் வயர் எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்தால் அதை விட்டுவைக்க மனம் வராது. முனையில் எதுவும் இணைக்காத ஒரு கிளைக் கம்பி சிக்னலைத் திருப்பி அடிக்கும். திரும்பி வந்தது மூலச் சிக்னலுக்கு எதிர்க்கட்டமாக விழும் அதிர்வெண்ணில் அது மூலத்தையே விழுங்கிவிடும். 50 மீட்டர் கிளை 1 மெகாஹெர்ட்ஸ் அருகே பள்ளம் போடும், ஏடிஎஸ்எல்2+ பட்டையின் நடுவில். 25 மீட்டர் கிளை 2 மெகாஹெர்ட்ஸ் அருகே. வீடிஎஸ்எல்லுக்கு 10 மீட்டர் கிளையே 5 மெகாஹெர்ட்ஸில் பெரிய ஓட்டை போட்டுவிடும். மாடிக்கு என்றோ இழுத்துப் போன் எடுத்துவிட்ட அந்த வயரைச் சுவரோடு விடலாம். முதல் பெட்டியில் மட்டும் கட்டாயம் கழற்றுங்கள்.

வேண்டிய பொருள்கள்: திருப்புளி, 0.5 மில்லிமீட்டர் முறுக்கு ஜோடிக் கம்பி அல்லது கேட்-5இ கேபிள் தேவையான நீளம், ஒரு ரோசெட் பெட்டி, ஒரு ஸ்பிளிட்டர், ஜெல் நிறைத்த அழுத்து கனெக்டர்கள் நான்கு, இரண்டு மீட்டருக்கு மிகாத ஆர்ஜே-11 வயர் (தொலைபேசி முனை உள்ள வயர்) இரண்டு.

டிராப் வயர் நுழையும் இடத்திலிருந்து மோடம் வைக்கும் இடத்துக்கு ஒரே ஒரு ஜோடியை, நடுவில் ஜாயிண்ட் இல்லாமல் இழுங்கள். கேட்-5இ என்றால் ஒரே நிறக் குடும்பத்தின் இரண்டு கம்பிகளை எடுங்கள், நீலமும் வெள்ளை-நீலமும் போல. நீலத்தில் ஒன்று பச்சையில் ஒன்று என்று எடுத்தால் முறுக்கின் பயனே போய்விடும். மின்வயரோடு ஒரே குழாயில் செலுத்தாதீர்கள். ஒரு கை அகலமாவது தள்ளி ஓடட்டும், குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் குறுக்கிடட்டும். முனைகளில் முறுக்கை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

கம்பிகளை இணைக்கும் இடத்தில் ஜெல் கனெக்டர் போடுங்கள். உறையைச் சீவத் தேவையில்லை. இரண்டு கம்பியையும் அடிவரை நுழைத்துக் குறடால் அழுத்தினால் போதும், ஜெல் காற்றையும் ஈரத்தையும் தடுத்துவிடும். முறுக்கி டேப் சுற்றுவது தற்காலிக வேலை. ஒரே மழையில் அது களிம்பேறும்.

இழுத்து முடித்ததும் சோதியுங்கள். இரண்டு முனையும் எதிலும் இணையாத நிலையில், மறுமுனையில் இரண்டு கம்பியையும் ஒன்றாகத் தொடவைத்து இந்த முனையில் ஓம் அளவிடுங்கள். 0.5 மில்லிமீட்டர் செம்பில் 20 மீட்டருக்குப் போய்வர 3.5 ஓம் வரும். 10 ஓம் காட்டினால் இணைப்பு கெட்டது, அல்லது கம்பி செம்பே இல்லை. செம்பு பூசிய அலுமினியக் கம்பி கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது; சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை வாங்காதீர்கள்.

ரோசெட்டுக்குப் பின் ஸ்பிளிட்டர். அதில் மூன்று துளைகள்: லைன், போன், மோடம். லைன் துளைக்கு ரோசெட். மோடம் துளைக்கு மோடம். போன் துளையிலிருந்து வீட்டில் உள்ள எல்லாப் போன்களும். எல்லாப் போன்களும் என்பதில்தான் தவறு நடக்கிறது. ஒரே ஒரு பேரலல் போன், ஃபேக்ஸ், காலர் ஐடி பெட்டி ஸ்பிளிட்டருக்கு முன்னால் மாட்டியிருந்தாலும் அது எல்லாத் தொனிகளையும் உறிஞ்சும். அதை நகர்த்த முடியாவிட்டால் அதற்குத் தனியாக ஒரு மைக்ரோஃபில்டர் (ஒரு போனுக்கு மட்டுமான சிறு வடிகட்டி) போடுங்கள். ஸ்பிளிட்டருக்குப் பின் இன்னொரு ஸ்பிளிட்டர் வரிசையாகப் போட வேண்டாம். தொலைபேசித் துளை உள்ள மலிவான சர்ஜ் பெட்டிகளும் உயர் அதிர்வெண்ணைத் தின்னும். எண்கள் மோசமாக இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். மின்னலுக்கு உறுதியான காப்பு, இடி கேட்டதும் மோடத்தின் மின்சார வயரையும் ஆர்ஜே-11 வயரையும் சேர்த்தே கழற்றி வைப்பது. ஒன்றை மட்டும் கழற்றினால் பயன் பாதிதான்.

மோடத்தில் கொடுக்க வேண்டியவை

மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் இந்தப் பெயர்களிலேயே கட்டங்கள் இருக்கும். விபிஐ, விசிஐ இரண்டும் லைனில் தரவு போகும் பாதையின் எண்கள். பிஎஸ்என்எல் ஏடிஎஸ்எல்லுக்கு விபிஐ 0, விசிஐ 35, பிபிபிஓஇ, எல்எல்சி. இலங்கை டெலிகாம் ஏடிஎஸ்எல்லுக்கு விபிஐ 8, விசிஐ 35. எம்டியு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1492. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இணைப்புக் கொடுத்தபோது தந்தவை. மாடுலேஷனை, அதாவது எந்த ஏடிஎஸ்எல் வகை என்பதை, ஆட்டோவில் விடுங்கள். நீண்ட லைனில் அடிக்கடி அறுந்தால் ஏடிஎஸ்எல்2+ஐ அணைத்து ஏடிஎஸ்எல்2 மட்டும் வைத்துப் பாருங்கள். 3.5 கிலோமீட்டருக்கு மேல் 1.1 மெகாஹெர்ட்ஸுக்கு அப்பால் வருவது சொற்பம். அதை விட்டுக்கொடுத்தால் லைன் நிலைக்கக்கூடும்.

நிர்வாகக் கடவுச்சொல் அட்மின் என்றே இருந்தால் இன்றே மாற்றுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். 2017 ஜூலையில் இந்தியாவில் கடவுச்சொல் மாற்றாத ஏடிஎஸ்எல் மோடம்களை ஒரு தீநிரல் தாக்கிச் செயலிழக்கச் செய்தது. அவற்றை ரீசெட் செய்து கடவுச்சொல் மாற்றிய பிறகே இணையம் திரும்பியது.

அறிகுறியும் காரணமும்

போன் மணி அடிக்கும்போது அல்லது எடுக்கும்போது இணையம் அறுகிறது: ஸ்பிளிட்டர் இல்லாத போன் ஒன்று எங்கோ இருக்கிறது, அல்லது ஒரு ஜாயிண்ட் தளர்ந்திருக்கிறது. எல்லாப் போன்களையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: போன் பேசும்போது மட்டும் இணையம் நன்றாக ஓடும், வைத்ததும் கெடும். களிம்பேறிய ஜாயிண்டில் பேச்சு மின்னோட்டம் பாயும்போது அது தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது. இதை லைன்மேனிடம் அப்படியே சொல்லுங்கள். அனுபவமுள்ளவருக்கு உடனே புரியும்.

போன் செத்துவிட்டது, இணையம் மட்டும் மெதுவாக ஓடுகிறது: இரண்டு கம்பியில் ஒன்று அறுந்திருக்கிறது. பேச்சுக்கு முழுச் சுற்று வேண்டும். உயர் அதிர்வெண் அறுந்த இடத்தையும் ஓரளவு தாண்டிப் போய்விடும்.

போன் சுத்தமாக இருக்கிறது, டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரியவே இல்லை: ஸ்பிளிட்டர் துளை மாறியிருக்கிறதா பாருங்கள். அது சரி என்றால் எக்ஸ்சேஞ்சில் ஜம்பர் விட்டுப்போயிருக்கலாம், அல்லது டிஸ்லாம் போர்ட் போயிருக்கலாம். இதை வீட்டிலிருந்து தீர்க்க முடியாது.

டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிகிறது, இன்டர்நெட் விளக்கு சிவப்பு: கம்பியில் குறை இல்லை. கட்டணம், கடவுச்சொல், விபிஐ விசிஐ, இந்த வரிசையில் பாருங்கள். முந்தைய இணைப்பு சர்வரில் மூடாமல் தொங்கிக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும். மோடத்தை அணைத்துக் கால் மணி நேரம் விடுங்கள்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அறுகிறது: வீட்டிலோ பக்கத்திலோ ஒரு கருவி இரைச்சல் கிளப்புகிறது. தண்ணீர் மோட்டார், மின்விசிறி ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், மலிவான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. பேட்டரி ரேடியோ ஒன்றை மத்திய அலையின் கீழ்ப்பகுதியில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். ஒவ்வொரு கருவியாகப் போட்டு அணையுங்கள். ரேடியோ இரையும் இடம்தான் மோடத்தையும் அலைக்கழிக்கும் இடம். மோடத்தின் சொந்த அடாப்டரையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று வருடம் சூட்டிலேயே கிடந்த அடாப்டர் வோல்ட்டேஜைச் சரியாகக் காட்டியபடியே இரைச்சல் தரும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே முனை கொண்ட வேறொன்றை மாட்டிப் பாருங்கள்.

எண்கள் எல்லாம் அருமை, ஆனாலும் இரவில் மெதுவு: லேன் கேபிளில் சோதித்து வைஃபை மேல் பழி இல்லை என்று உறுதி செய்யுங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு முழு வேகம் வந்து, இரவு ஒன்பதுக்குப் பாதி வந்தால் எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் நெரிசல். இணைந்த வேகம் இரண்டு நேரத்திலும் ஒன்றாகவே இருக்கும். புகாரில் அதைச் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு போன் படங்களை மேகத்தில் ஏற்றத் தொடங்கியதும் வீடு முழுக்க இணையம் முடங்குகிறது: பதிவேற்ற வழி நிரம்பிவிட்டது. பதிவிறக்கத்துக்கும் ஒவ்வொரு சில பொட்டலத்துக்கும் ஓர் ஒப்புதல் மேலே போயாக வேண்டும்; அந்த ஒப்புதல்கள் படங்களின் பின்னால் வரிசையில் நிற்கின்றன. தானியங்கிப் பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றுங்கள், அல்லது பதிவேற்றத்தை இணைந்த வேகத்தின் 80 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள்.

லைன்மேன் வரும்போது

பிஎஸ்என்எல்லில் லேண்ட்லைன் பழுதைப் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நெட் ஸ்லோ என்று மட்டும் சொன்னால் வருபவர் டயல் டோன் கேட்டுவிட்டுப் போய்விட வாய்ப்பு அதிகம். அவர் கையில் உள்ள சோதனைப் போனுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது. முதல் பெட்டியில் வீட்டு வயரிங் இல்லாமல் எடுத்த அட்டெனுவேஷன், மார்ஜின், ஒரு மணி நேரச் சிஆர்சி மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். முன்பு நன்றாக ஓடிய காலத்து எண்கள் இருந்தால் அதையும்.

அவரிடம் கேட்க வேண்டியவை: டிபியில் வேறு ஜோடி காலியாக இருந்தால் மாற்றித் தர முடியுமா, டிராப் வயரில் நடு ஜாயிண்ட் இருந்தால் முழுதாக மாற்ற முடியுமா, எக்ஸ்சேஞ்சில் போர்ட் மாற்றிப் பார்க்க முடியுமா. இந்த வரிசையில்தான் பயன் அதிகம். லைன் அடிக்கடி அறுந்தால், வேக உச்சவரம்பைச் சற்றுக் குறைத்து அல்லது மார்ஜின் இலக்கை 6இலிருந்து 9 டெசிபலுக்கு உயர்த்தி வைக்கச் சொல்லலாம். 6 மெகாபிட்டில் அறாமல் ஓடும் லைன், 8 மெகாபிட்டில் தினம் பத்து முறை விழும் லைனைவிட மேல். தரவை இடம் மாற்றிக் கலந்து அனுப்பும் இன்டர்லீவிங் போட்டாலும் பிழை குறையும். தாமதம் சில பத்து மில்லிவினாடி கூடும் என்பதால் விளையாட்டு ஆடுபவர்கள் யோசித்துக் கேட்கட்டும்.

தெருவில் ஃபைபர் வந்திருந்தால் மாறிக்கொள்ளுங்கள். கண்ணாடி இழையில் களிம்பும் இல்லை, வானொலி இரைச்சலும் இல்லை. 3 கிலோமீட்டரில் செம்பு தர முடியாததை அது தயங்காமல் தரும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: செப்பு லைனில் போன் எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்தில் ஓடியது, மின்வெட்டிலும் பேச முடிந்தது. ஃபைபரில் வீட்டுக் கருவிக்கு மின்சாரம் இருந்தால்தான் போனும் வேலை செய்யும். அதற்கு ஒரு சிறு 12 வோல்ட் யுபிஎஸ் சேர்த்தே வாங்குங்கள். புதிய இணைப்பு ஒரு வாரம் அறாமல் ஓடிய பிறகு பழைய செப்பு லைனை ஒப்படைத்தால் போதும்.